டிசையர் டீசல்: ஹெட் ஃபேஸ் போட்டும் கேஸ்கெட் நிக்கல, பிளாக்குக்கும் ஃபேஸ் போடணுமா?

டாக்சி_டிசையர் (திருப்பூர்)

வணக்கம் நண்பர்களே. வண்டி மாருதி டிசையர், 1248 சிசி மல்டிஜெட் டீசல். டாக்சியா ஓடுது. வாட்டர் பம்ப் லீக் ஆகி பல்லடம் ரோட்டுல ஹீட் ஆயிருச்சு. ஒர்க்‌ஷாப்ல ஹெட்டைக் கழட்டி, லேத்துக்குக் குடுத்து ஃபேஸ் போட்டு (அடிப்பக்கத்தைச் சீவி நேராக்கி), நடுவுல புது கேஸ்கெட் வச்சு பிளாக் மேல மாட்டிக் குடுத்தாங்க. கொஞ்ச நாள் ஓடுச்சு. இப்ப மறுபடியும் அதே கதை. காலைல ஸ்டார்ட் பண்ணுன உடனே ரிசர்வ் டேங்க்ல முட்டை முட்டையா வருது, மேல் ஹோஸ் விறைச்சுக்குது, ஆள் ஏத்திட்டு மேடு ஏறுனா டெம்பரேச்சர் முள்ளு ஏறுது. ஆயில்ல தண்ணி கலக்கல.

வேற ஒரு மெக்கானிக் சொல்றாரு, ஹெட்டு நல்லாத்தான் இருக்கு, பிளாக் வளைஞ்சிருக்கு, இன்ஜினை இறக்கி பிளாக்ல 0.3 மி.மீ. எடுத்துட்டா தீர்ந்துரும்னு. முதல்ல பார்த்தவரு, இரும்பு பிளாக் எங்கயாச்சும் வளையுமா, கேஸ்கெட்தான் டூப்ளிகேட்டுங்கறாரு. யாரு பேச்சைக் கேக்குறது?

கொங்கு_லேத் (கோவை)

ஏனுங்க, ஹெட் இன்னும் வண்டி மேலதானே இருக்குது? அப்புறம் 0.3ன்னு எதை வச்சுச் சொன்னாரு? ஹெட்டைக் கழட்டி, ஃபேஸைச் சுத்தம் பண்ணி, ஸ்ட்ரெய்ட் எட்ஜ் (துல்லியமா நேரா இருக்குற பட்டை) வச்சுப் பார்க்காம, வளைஞ்சிருக்குன்னும் சொல்ல முடியாது, வளையலைன்னும் சொல்ல முடியாது. ரெண்டு பேருமே பொருளைப் பார்க்காம தீர்ப்பு சொல்லியிருக்காங்க.

எங்க கடைக்கு வர்றதுல முக்கால்வாசி ஹெட்டுதான். ஹெட்டைப் பைக்ல வச்சே கொண்டாந்துரலாம். பிளாக்குன்னா இன்ஜின் இறக்கி, பிஸ்டன், கிராங்க் எல்லாம் கழட்டி மொட்டையாக் கொண்டாரணும். அதனால ஹீட் ஆன வண்டின்னாலே கண்ணை மூடிட்டு ஹெட்டுக்கு மட்டும் ஃபேஸ் போட்டுர்றாங்க. கேஸ்கெட் நடுவுல உட்கார்ற பொருள். மேல் பக்கத்தை நேராக்கிட்டு, கீழ்ப் பக்கம் எப்படி இருக்குன்னு பார்க்காமயே மாட்டுனா, எந்தக் கம்பெனி கேஸ்கெட் வச்சாலும் போகத்தான் செய்யும்.

இரும்பு வளையாதுங்கறதும் சரியில்ல. அலுமினிய ஹெட் அளவுக்கு வளையாது, அவ்வளவுதான். பிளாக்ல நான் பார்க்குற பழுது மூணு மாதிரி. ஹெட் போல்ட் ஓட்டையைச் சுத்தி மரையோட சேர்ந்து இரும்பு மேல இழுத்துட்டு வந்து மேடு தட்டியிருக்கும். ரெண்டு சிலிண்டருக்கு நடுவுல இருக்குற ஒடுக்கமான இடம் ஹீட்ல இறங்கியிருக்கும், இல்லன்னா கேஸ்கெட்டோட வளையம் அழுத்தித் தடம் விழுந்திருக்கும். மூணாவது, தண்ணி ஓட்டை ஓரத்துல அரிச்சுக் குழி. கூலன்ட் ஊத்தாம போர் தண்ணி ஊத்துற நம்ம ஊர் வண்டிகள்ல இதுதான் ஜாஸ்தி.

ஹெட்டைக் கழட்டுனதும் ஒரு போட்டோ போடுங்க.

பழைய_ஸ்பேனர் (மதுரை)

இன்ஜினை இறக்குன்னு சொல்றது லேசு தம்பி. டாக்சிக்காரன் வண்டியை நிறுத்துனா டியூவை எவன் கட்டுவான்? நான் அம்பாசிடர் காலத்துல இருந்து இந்த வேலை பார்க்கேன். பிஸ்டனைப் பாதியில நிறுத்தி, ஓட்டையில எல்லாம் துணி அடைச்சு, நேரான கட்டையில உப்புத்தாள் சுத்தி எண்ணெய் விட்டுத் தேய்ச்சா பிளாக் பளபளன்னு வந்துரும். அனபாண்ட் பசை லேசாத் தடவி மாட்டுனா ஒரு பிரச்சனையும் வராது. எத்தனையோ வண்டி இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு.

கொங்கு_லேத் (கோவை)

அண்ணே, உங்க அனுபவத்தை நான் குறை சொல்லல. ஆனா அம்பாசிடர் கேஸ்கெட்டும் இதுவும் வேற வேற சாதி. அது மெத்துன்னு இருக்கும், மேடு பள்ளத்தை நிரப்பிக்கும். இந்த வண்டியில வர்றது மல்டி லேயர் ஸ்டீல், அதாவது மெல்லிசான ஸ்பிரிங் ஸ்டீல் தகடுகளை அடுக்குனது. தகட்டு மேல இருக்குற ரப்பர் பூச்சு சுமார் 0.025 மி.மீ.தான், நம்ம பாஷையில ஒரு தவ். அந்த ஒரு தவ் பூச்சு எவ்வளவு பள்ளத்தை நிரப்பும்?

கட்டையில தேய்ச்சா பளபளப்பு வரும், நேரா வராது. கை அழுத்தம் ஓரத்துலதான் அதிகமா விழும், ஓரம் உருண்டுரும், நடுப்பள்ளம் அப்படியே நிக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து உதிர்ற தூள். உப்புத்தாள்ல இருக்குறது அலுமினியம் ஆக்சைடு, பேரிங்கை அறுத்துரும். டிரில் மெஷின்ல மாட்டுற நார் டிஸ்க்கால கேஸ்கெட் ஃபேஸைத் தேய்க்காதீங்கன்னு ஜெனரல் மோட்டார்ஸ் தன்னோட டீலர்களுக்கே சர்க்குலர் அனுப்பியிருக்கு. பேரிங் அடிச்சுட்டு வந்த வண்டிகளைப் பார்த்த பிறகுதான் அனுப்புனாங்க.

அனபாண்ட் நல்ல சாமான்தான், ஆயில் சம்ப்புக்குப் போடுங்க. ஸ்டீல் கேஸ்கெட்ல தடவுனா தகடு எழும்பி நிக்கும், வழிஞ்சது தண்ணி வழியில போய் அடைக்கும்.

பழைய_ஸ்பேனர் (மதுரை)

சரிப்பா, ஒத்துக்கறேன். ஆனா ஒரு விஷயம் யாரும் சொல்லல. ஹெட் போல்ட் ஓட்டைக்குள்ள தண்ணியோ ஆயிலோ தேங்கியிருந்தா, போல்ட்டை முறுக்கும்போது அது போக வழியில்லாம பிளாக்கையே வெடிக்க வச்சுரும். டார்க் ரெஞ்ச் க்ளிக் அடிக்கும், போல்ட் மட்டும் கீழ இறங்கி இருக்காது. ஹெட் சரியா உட்காராம திரும்ப வர்ற வண்டியில பாதி இந்தக் கேஸ்தான். காத்து அடிச்சு ஒவ்வொரு ஓட்டையையும் காய வைங்க, அதுக்கப்புறம் லேத்தைப் பத்திப் பேசுங்க.

கொங்கு_லேத் (கோவை)

நூத்துக்கு நூறு சரிங்ணா. மரையையும் சுத்தம் பண்ணணும். ஆனா வெட்டுற டேப் விட வேண்டாம், பழைய போல்ட்டுலயே நீளவாக்குல கோடு வெட்டி அதை விட்டு எடுத்தாப் போதும்.

கணக்குப்பிள்ளை (சென்னை)

0.3 எடுத்தா என்ன ஆகும்னு சும்மா போட்டுப் பார்த்தேன்.

போர் (சிலிண்டர் விட்டம்) 69.6, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடுற தூரம்) 82 மி.மீ. ஒரு சிலிண்டர் 312 சிசி. ஆரம்பத்துல வந்த மாடல்ல கம்ப்ரஷன் 17.6க்கு 1. அப்படின்னா பிஸ்டன் உச்சியில நிக்கும்போது மேல மிச்சம் இருக்குற இடம் மொத்தமே 18.8 சிசி. பிளாக்ல 0.1 மி.மீ. எடுத்தா அதுல 0.38 சிசி குறையும், கம்ப்ரஷன் ஏறக்குறைய 17.95 ஆகும். 0.3 எடுத்தா 1.14 சிசி போயிரும், கம்ப்ரஷன் 18.7 பக்கம் வந்துரும். அதே கேஸ்கெட்டைப் போட்டா பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளியும் 0.3 குறையும். டீசல் இன்ஜின்ல அந்த இடைவெளியே ஒரு மி.மீ.க்கு உள்ளதான் இருக்கும். பெட்ரோல் வண்டியில ரேஸ் பசங்க வேணும்னே எடுக்குற அளவை, டாக்சி டீசல்ல யோசிக்காம எடுத்தா பிஸ்டன் ஹெட்டைத் தட்டுற அபாயம் இருக்கு.

கொங்கு_லேத் (கோவை)

> டீசல் இன்ஜின்ல அந்த இடைவெளியே ஒரு மி.மீ.க்கு உள்ளதான் இருக்கும்

இதுதான் விஷயமே. டீசல்ல பிஸ்டன் உச்சிக்கு வரும்போது பிளாக் ஃபேஸைத் தாண்டி வெளிய நிக்கும். எவ்வளவு நிக்குதோ அதுக்கேத்த தடிமன்ல கேஸ்கெட் போடணும். ஃபோக்ஸ்வேகனோட 1.9 டிடிஐ இன்ஜினை எடுத்துக்குங்க: பிஸ்டன் 0.91ல இருந்து 1.00 வரைக்கும் வெளிய நின்னா ஒரு ஓட்டை கேஸ்கெட், 1.01 முதல் 1.10 வரை ரெண்டு ஓட்டை, 1.11 முதல் 1.20 வரை மூணு ஓட்டை. கேஸ்கெட் ஓரத்துல அந்த ஓட்டை குத்தியிருக்கும். மல்டிஜெட்டுக்கும் இப்படிப் பல தடிமன் உண்டு, அடையாளம் ஓரத்துல இருக்கும். கடையில போய் "டிசையர் டீசல் கேஸ்கெட் ஒண்ணு குடு"ன்னு கேட்டு வாங்கிட்டு வந்தா, எந்தத் தடிமன் வந்துச்சுன்னு வாங்குனவருக்கும் தெரியாது, வித்தவருக்கும் தெரியாது.

தடிமன் ஏறுறது ஒரு மி.மீ.ல பத்துல ஒரு பங்கு, ஒரு பங்காத்தான். 0.1 வெட்டுனா அடுத்த தடிமன் கேஸ்கெட் போட்டுச் சமாளிக்கலாம். 0.3க்குச் சமாளிக்க கேஸ்கெட்டே கிடையாது.

இன்னொண்ணு, வால்வைத் திறக்குற கேம் ஹெட்ல இருக்குறதால ஹெட் கீழ இறங்குனா செயின் தளர்ந்து கேம் டைமிங் கொஞ்சம் பின்னாடி போகும். டென்ஷனர் தளர்வை எடுத்துக்கும், பின்னாடி போனதை எடுக்காது. 0.1க்கு இதைக் கண்டுக்கவே வேண்டாம்.

ரிக்_வண்டி (திருச்செங்கோடு)

நடுவுல நுழையறதுக்கு மன்னிக்கணும். எங்க போர்வெல் ரிக் வண்டி கம்ப்ரஸர் இன்ஜின் வெட் லைனர். அதுலயும் பிளாக் ஃபேஸ் போடலாமா?

கொங்கு_லேத் (கோவை)

போடலாம், ஆனா அது வேற கணக்கு. வெட் லைனர்ங்கறது பிளாக்குக்குள்ள தனியா இறக்குற, வெளிப்பக்கம் தண்ணி படுற சிலிண்டர் குழாய். அதோட தலை பிளாக் ஃபேஸை விட மயிரிழை மேல நிக்கணும், அந்த இடத்துலதான் கேஸ்கெட் வளையம் கடிக்கும். பிளாக்கை 0.2 வெட்டிட்டு லைனர் உட்கார்ற படியை அப்படியே விட்டா லைனர் 0.2 கூடுதலா எழும்பிரும். ஹெட் லைனர் மேல மட்டும் நிக்கும், சுத்தி இருக்குற தண்ணி ஓட்டை, ஆயில் ஓட்டை எல்லாம் ஒழுகும். அதனால படியையும் அதே அளவு இறக்கணும். படியை இறக்குற கட்டர் இல்லாத கடையில வெட் லைனர் பிளாக்கைக் குடுக்காதீங்க. எவ்வளவு எழும்பணும்னு இன்ஜின் மேனுவல்ல இருக்கும், ஒவ்வொரு சிலிண்டருக்கும் டயல் கேஜ் வச்சுப் பாருங்க. ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் இருந்தா அதுவும் பழுதுதான்.

டாக்சி_டிசையர் (திருப்பூர்)

ஹெட்டைக் கழட்டியாச்சு. ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல கேஸ்கெட் கருகிக் கருப்பு தடம் ஓடியிருக்கு. மெக்கானிக் தச்சர் வச்சிருக்குற ஸ்கேலை வச்சுப் பார்த்துட்டு "நேராத்தான் இருக்கு"ங்கறாரு.

கொங்கு_லேத் (கோவை)

ஸ்கேல் வேண்டாம். அதுவே நேரா இருக்காது. ஸ்ட்ரெய்ட் எட்ஜ் யாருகிட்டயாச்சும் இரவல் வாங்குங்க, உங்க ஊர்ல டை (அச்சு) செய்யுற கடைகள்லயே இருக்கும்.

ஒட்டியிருக்குற பழைய பூச்சை ரேஸர் பிளேடால, பிளேடைப் படுக்க வச்சு எடுங்க. ஹெட்டை இடத்துல நிறுத்துற டவல் பின் ரெண்டையும் புடுங்கிருங்க. நீளவாக்குல ரெண்டு ஓரம், குறுக்கு மூலை ரெண்டு, அப்புறம் ஒவ்வொரு சிலிண்டருக்கும் நடுவுல குறுக்கா வைங்க. 0.05 ஃபீலர் தகடு எங்கயாச்சும் நுழையுதான்னு பாருங்க. கார் இன்ஜினுக்கு லிமிட் பொதுவா 0.05ல இருந்து 0.1க்குள்ளதான், உங்க மேனுவல்ல உள்ளதே கடைசி வார்த்தை. மொத்த நீளத்துக்கு மெல்ல வளைஞ்சிருந்தா கேஸ்கெட் கொஞ்சம் தாங்கும். மூணு இஞ்சு தூரத்துக்குள்ள ஒரு தவ்வுக்கு மேல பள்ளம்னா ஸ்டீல் கேஸ்கெட் தாங்காது.

அப்படியே பிஸ்டன் எவ்வளவு வெளிய நிக்குதுன்னும் எடுத்துருங்க. டயலை பிஸ்டன் பின்னுக்கு நேர் மேல வைங்க. ஓரத்துல வச்சா பிஸ்டன் ஆடுற ஆட்டமும் அளவுல சேர்ந்துக்கும்.

டாக்சி_டிசையர் (திருப்பூர்)

பனியன் கம்பெனி மெஷின் ஷாப்ல ஸ்ட்ரெய்ட் எட்ஜ் கிடைச்சுது. நீளவாக்குல 0.05 எங்கயும் நுழையல. ரெண்டு, மூணுக்கு நடுவுல குறுக்கா வச்சா 0.08 தாராளமாப் போகுது, 0.10 இறுக்கமாப் போகுது. மூணாவது சிலிண்டர்கிட்ட தண்ணி ஓட்டை ஓரம் நகம் மாட்டுற அளவு குழியும் இருக்கு.

கொங்கு_லேத் (கோவை)

அப்ப சந்தேகமே இல்லை, பிளாக் இறங்கணும். 0.05க்குள்ள இருந்திருந்தா சுத்தம் பண்ணி, சரியான தடிமன்ல கேஸ்கெட் வச்சு மாட்டுங்கன்னுதான் நானே சொல்லியிருப்பேன். குழி கேஸ்கெட் வளையத்துக்கு வெளிய இருந்தா ஃபேஸ்ல எவ்வளவு மறையுதோ மறையட்டும், அதுக்காக ஆழமா வெட்ட வேண்டாம்.

வெட்டுறதுக்கு முன்னாடி அந்த நடு இடத்துல விரிசல் பார்க்கச் சொல்லுங்க. இரும்புங்கறதால மேக்னட் டெஸ்ட் பண்ணலாம், அலுமினிய ஹெட்டுக்கு விரிசல் காட்டுற சாயம் ஊத்திப் பார்க்கணும். விரிசல் இருந்தா ஃபேஸ் போடுற காசு தண்டம்.

கடையில கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: "பிளாக்கை எதை வச்சு செட் பண்ணுவீங்க?" சம்ப் மாட்டுற அடிப்பக்கத்தைப் படுக்க வச்சு வெட்டுறேன்னு சொன்னா யோசிங்க. அடிப்பக்கம் சம்ப் மாட்டத்தானே, அது கிராங்குக்கு இணையா இருக்கணும்னு கட்டாயம் இல்லை. கிராங்க் உட்கார்ற மெயின் பேரிங் துளையில நேரான ராடு விட்டு, அந்த ராடை வி பிளாக்ல உட்கார வச்சு லெவல் எடுக்கணும். ஃபேஸ் கிராங்குக்கு இணையா இல்லைன்னா முதல் சிலிண்டர்ல ஒரு கம்ப்ரஷன், நாலாவதுல ஒரு கம்ப்ரஷன். ஃபேஸ் மட்டும் கண்ணுக்கு அழகா இருக்கும்.

போர் பண்றதா (சிலிண்டரைப் பெருசாக் கடையறதா) இருந்தாலும் ஃபேஸ்தான் முதல்ல. பல கடைகள்ல போரிங் மெஷினை பிளாக் ஃபேஸ் மேலயே வச்சுக் கட்டுவாங்க. ஃபேஸ் சாஞ்சிருந்தா போரும் சாயும். ஹோனிங் பண்ணும்போது (சிலிண்டர் உள்பக்கத்தைத் தேய்க்கும்போது) ஹெட்டுக்குப் பதிலா இறுக்குற டார்க் பிளேட் மாட்டுவாங்களான்னும் கேட்டு வைங்க. ஹெட் இறுக்குன நிலையில சிலிண்டர் மேல்பக்கம் கொஞ்சம் கோணும், அந்தக் கோணலோடவே ஹோன் பண்ணுனாத்தான் ஓடும்போது வட்டமா இருக்கும்.

கணக்குப்பிள்ளை (சென்னை)

ஃபினிஷ் பத்தியும் சொல்லுங்க. ஸ்டீல் கேஸ்கெட்டுக்கு என்ன ஆர்ஏ (சொரசொரப்பு அளவு) வேணும்?

கொங்கு_லேத் (கோவை)

0.8 மைக்ரான் அளவு இருந்தா நிம்மதி. டிசையர் இன்ஜின்ல இன்னொரு சங்கதியும் இருக்கு: பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். சூட்டுல அலுமினியம் இரும்பைப் போல ரெண்டு மடங்கு விரியும். 300 மி.மீ. நீளத்துக்கு 80 டிகிரி ஏறுனா ஹெட் பிளாக்கை விடக் கால் மில்லிமீட்டருக்கு மேலயே கூடுதலா நீளும். ஒவ்வொரு தடவை சூடாகி ஆறும்போதும் ஹெட் கேஸ்கெட் மேல வழுக்கிட்டுப் போய்ட்டு வருது. கோடு முரடா இருந்தா அது அரம் மாதிரி அந்த ரப்பர் பூச்சை உரிச்சுரும்.

வெட்டுற முனை இரும்புக்கு சிபிஎன் (போரான் நைட்ரைடு), அலுமினியத்துக்கு வைரம். வைரம் கார்பன்தானே, இரும்பு அதைச் சூட்டுல தின்னுரும், அதனால இரும்புக்கு ஆகாது. கடைசி வெட்டு லேசா, ஃபீட் மெதுவா. ஃபீடைப் பாதியாக்குனா கோட்டோட ஆழம் கால் பங்காக் குறையும், கணக்குப்பிள்ளை வேணும்னா போட்டுப் பார்க்கட்டும். ஸ்பிண்டில் தலை ரொம்பச் சாஞ்சிருந்தா ஃபேஸ் நடுவுல குழிஞ்சுரும், வெட்டி முடிச்ச பிறகும் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வச்சு வாங்குங்க.

நான் பண்றது இதுதான்: வெட்டுறதுக்கு முன்னாடி ஃபேஸ் முழுக்க மார்க்கர்ல கட்டம் கட்டமாக் கோடு போட்டுருவேன். முதல் வெட்டு 0.03. மேடு இருந்த இடத்துல மை போயிருக்கும், பள்ளத்துல நிக்கும். அடுத்தது 0.03. நடுவுல நிக்குற மை நகம் அளவுக்குச் சுருங்குனதும் கடைசியா ஒரு லேசான வெட்டு. மை போன இடத்தோட வேலை முடிஞ்சுது, "இன்னும் கொஞ்சம் சுத்தமா வரட்டும்"னு ஒரு வெட்டு சேர்க்கறதெல்லாம் கிடையாது.

யாழ்_ஒஸ்ரின் (யாழ்ப்பாணம்)

அண்ணை, நல்ல விளக்கம். எங்கட வீட்டிலை ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ55 நிக்குது, 1489 சிசி. உங்கட அம்பாசிடருக்குப் போட்ட அதே பிஎம்சி பி சீரிஸ் எஞ்சின்தான். தொண்ணூறுகளிலை பெற்றோல் தடை இருந்த காலம் ஒரு சொட்டுப் பெற்றோலிலை ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயிலை ஓடின கார். இப்ப எஞ்சினைப் பிரிச்சு வைச்சிருக்கிறன். இஞ்சை ஒரு லேத் கடைக்காரர் பிளொக்கைக் கண்ணாடி மாதிரி மினுக்கித் தாறன் எண்டு சொல்லுறார். கேஸ்கெற் பழைய மெத்தை வகைதான். செய்யலாமோ?

கொங்கு_லேத் (கோவை)

வேண்டாமுங்க. மெத்தை வகைக்குக் கொஞ்சம் சொரசொரப்பு வேணும், 1.5ல இருந்து 2.5 மைக்ரான். அந்தக் கோடுதான் கேஸ்கெட்டைக் கடிச்சுப் பிடிக்கும். மினுக்குனா கேஸ்கெட் மெல்ல வெளிய நகர்ந்துரும். உங்க இன்ஜின்ல ஹெட்டும் இரும்பு, பிளாக்கும் இரும்பு, ரெண்டும் ஒண்ணாவே விரியும், அதனால வழுக்குற கதையும் இல்லை. புஷ் ராடு இன்ஜின்ல கேம் பிளாக்குக்குள்ளயே இருக்கு, டைமிங் மாறாது, டேப்பெட் மட்டும் மறுபடி வச்சுக்கலாம். பெட்ரோல்ங்கறதால 0.1, 0.15 எடுத்தாலும் பயம் இல்லை. விரிசல் மட்டும் பார்த்துருங்க, அந்த வயசு பிளாக்குக்கு அதுதான் முக்கியம்.

யாழ்_ஒஸ்ரின் (யாழ்ப்பாணம்)

நன்றி அண்ணை. அப்ப மினுக்க வேண்டாம் எண்டு சொல்லிவிடுறன்.

டாக்சி_டிசையர் (திருப்பூர்)

பிளாக் வந்துருச்சு. விரிசல் இல்லை. ராடு வச்சு செட் பண்ணுற கடையாப் பார்த்துக் குடுத்தேன், மொத்தம் 0.11 எடுத்திருக்காங்க. போர் லிமிட்டுக்குள்ளதான் இருக்கு, ஹோன் பண்ணி ரிங் மட்டும் மாத்தியாச்சு. பிஸ்டன் வெளிய நிக்குறதை மறுபடி அளந்து, முன்னாடி இருந்ததை விட அடுத்த தடிமன் கேஸ்கெட் வாங்கியிருக்கேன். பழைய கேஸ்கெட்டோட அடையாளத்தைப் பார்த்தா, போன தடவை கைக்குக் கிடைச்சதைப் போட்டிருக்காங்கன்னு தெரியுது.

ரெண்டு கேள்வி. வெட்டுன அளவை எங்கயாச்சும் எழுதி வைக்கணுமா? அப்புறம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடுனதும் ஹெட் போல்ட்டை மறுபடி டைட் வைக்கணும்னு மெக்கானிக் சொல்றாரு.

பழைய_ஸ்பேனர் (மதுரை)

முதல் கேள்விக்கு நான் சொல்றேன். கியர்பாக்ஸ் பக்கம் பிளாக் ஓரத்துல, ஃபேஸ்ல படாம, நம்பர் பஞ்ச் வச்சு 0.11னு அடிச்சு விட்டுரு. பில்லு தொலைஞ்சு போகும், வண்டி கை மாறும், பிளாக் அங்கேயேதான் இருக்கும்.

கொங்கு_லேத் (கோவை)

ரெண்டாவதுக்கு: வேண்டாம். அது மெத்தை கேஸ்கெட் காலத்துப் பழக்கம், அது அமுங்கி உட்கார்ந்த பிறகு போல்ட் தளரும். உங்களுது டார்க் வச்சுட்டு அப்புறம் டிகிரி கணக்குல திருப்புற போல்ட், இழுபட்டு நிக்கறதுதான் அதோட வேலை. மறுபடி திருப்புனா இன்னும் இழுபட்டு அறுந்துரும். புது போல்ட் போட்டு, மேனுவல்ல இருக்குற வரிசையில, அதுல சொன்ன டிகிரி வரைக்கும் திருப்பி விட்டுட்டு அதைத் தொடாதீங்க. கூலன்ட் ஊத்தி ஏர் எடுக்குறதை மட்டும் ஒழுங்காப் பண்ணுங்க. போர் தண்ணி வேண்டவே வேண்டாம்.